பெயர்ந்து பதியும் படம்

நுழையும்முன்

ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வது மொழிபெயர்ப்பு. ஒரு தாளில் உள்ள படத்தை அத்தாளிலிருந்து பிரித்து, மரப்பலகையிலோ துணியிலோ பதியச் செய்வதைப் படப்பெயர்ப்பு எனலாம். ஒளிப்படம், வண்ணம், துணி, மரம், எழுத்து முதலிய பலவற்றை ஒரே பரப்பில் இணைக்கும் கலப்பூடகக் கலையில் இம்முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. அதன் செய்முறையையும், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படங்களோடு அதற்குள்ள உறவையும் இப்பாடம் விளக்குகிறது.

கண்ணாடியில் ஒட்டிய முகம்

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சென்னையும் அதன் புறநகரங்களும் பெருமழையில் மூழ்கின. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அதன் உபரிநீர் அடையாற்றில் பாய்ந்தது. அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளில் ஏரிகளை ஒட்டியிருந்த தாழ்வான தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்தபின் மக்கள் வெயிலில் பரப்பி உலர்த்திய பாய், தலையணை, பாடநூல் ஆகியவற்றுக்கு நடுவே ஒளிப்படங்களும் கிடந்தன. நனைந்த குடும்ப அட்டைக்கு மாற்று அட்டை பெறலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த திருமணப் படத்துக்கு மாற்று கிடைப்பது அரிது. எதிர்ப்படச் சுருளும் இல்லை, படம் எடுத்த நிலையமும் இல்லை என்றால் அந்த ஒற்றைத் தாளே மிச்சம்.

சட்டமிட்டு மாட்டியிருந்த படங்களுக்கு வேறொரு கேடு நேர்ந்தது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிரித்தால் தாள் கையோடு வரும். முகம் கண்ணாடியில் தங்கிவிடும். இதற்குக் காரணம் ஒளிப்படத் தாளின் அமைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிமுதல் பெரும்பாலான ஒளிப்படங்களில் உருவத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் என்னும் மெல்லிய படலமாகும். விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறப்படும் இப்பொருள் நீர்பட்டால் ஊதி இளகும். உலரும்போது தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பை இறுகப் பற்றும். கண்ணாடி அழுத்திக்கொண்டிருந்ததால் படலம் கண்ணாடியைப் பற்றியது.

இத்தகைய படத்தை உரிக்க முயலக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே அதனை ஒளிவருடியில் வைத்து நகலெடுத்துக்கொள்வது நல்லது. இன்னும் ஈரம் காயாத படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், தூய நீரில் மிதக்கவிட்டு மெல்லப் பிரித்து, உருவம் மேல்நோக்கி இருக்குமாறு நிழலில் உலர்த்த வேண்டும். வெள்ளக் காலத்தில் இச்செய்தியை அறிந்திருந்தவர் சிலரே.

தாளில் இருந்த உருவம் தாளை விட்டு நீங்கி வேறொரு பரப்பில் பதிய இயலும் என்பதை இந்தக் கேடு உணர்த்துகிறது. விபத்தாக நிகழ்ந்த அதே பெயர்ச்சியைக் கலைஞர் அறிந்து, திட்டமிட்டு நிகழ்த்துகிறார்.

பழைய முறைகள்

இம்முயற்சி புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படத்தை நீரில் ஊறவைத்து, பிசின் பூசிய கண்ணாடியில் முகம் படியுமாறு ஒட்டுவர். ஒட்டியபின் தாளின் பின்புறத்தை விரலால் தேய்த்து நீக்குவர். கண்ணாடியில் மையின் கோடுகள் மட்டும் எஞ்சும். அவற்றின் பின்புறம் வண்ணம் தீட்டி, முன்புறமிருந்து காண்பர். இன்றைய படப்பெயர்ப்பின் செய்முறை ஏறத்தாழ முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. பசை மட்டுமே மாறியுள்ளது.

தஞ்சை மராட்டியர் காலத்தில் செழித்த கண்ணாடி ஓவியத்தில் தாள் இல்லை எனினும், பின்புறமிருந்து தீட்டும் சிந்தனை ஒன்றே. அங்கு ஓவியர் புருவம், அணிகலன் முதலிய நுண்கோடுகளை முதலில் வரைந்து, உடலின் வண்ணத்தை அடுத்துத் தீட்டி, பின்னணியை இறுதியில் நிரப்புவார். வழக்கமான ஓவியத்தில் கடைசியாக வருவது இதில் முதலில் வருகிறது.

மேற்குப் புறநகர் மக்களுக்கு இதனினும் அணுக்கமான சான்று மிதிவண்டி. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரைத் தமிழகமெங்கும் அறியச் செய்தது. அக்கால மிதிவண்டிகளின் சட்டத்தில் மின்னிய பெயர்களும் சின்னங்களும் தூரிகையால் எழுதப்பட்டவை எனப் பலர் எண்ணுவர். உலகெங்கும் மிதிவண்டி செய்தோர் இதற்குப் பெயர்ப்புத் தாள்களையே நாடினர். தாளை நீரில் நனைத்தால் அதன்மேல் உள்ள மெல்லிய வண்ணப் படலம் வழுக்கி விலகும். அதனைக் குழாயின்மேல் நகர்த்தி, நீரை ஒற்றி எடுத்து, மேலே மெருகெண்ணெய் பூசுவர். தையல் பொறிகளின் மேலுள்ள பொன்னிற வேலைப்பாடுகளும் இவ்வகையினவே.

பசையும் பொடியும்

கலைப்பொருள் கடைகளில் ஜெல் மீடியம் என விற்கப்படுவது அக்ரிலிக் வகைக் கூழ்மமாகும். பெயரில் ஜெல் என்று இருப்பினும், ஒளிப்படத் தாளின் ஜெலட்டினுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அக்ரிலிக் சேர்மங்களைப் பற்றி ஜெர்மானிய வேதியியலறிஞர் ஓட்டோ ரோம் 1901இல் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். நீரில் கரைத்துப் பயன்படுத்தும் அக்ரிலிக் வண்ணங்கள் 1950களின் நடுவில் ஓவியர் கைக்கு வந்தன. அவ்வண்ணத்திலிருந்து நிறமியை நீக்கி, கெட்டிப்படுத்தினால் கிடைப்பதே ஜெல் மீடியம் எனக் கொள்ளலாம். ஈரமாக இருக்கையில் பால்போல் வெண்மையாகத் தோன்றும். நீர் ஆவியானதும் அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து, கண்ணாடிபோல் தெளிந்த படலமாகின்றன. ஒருமுறை உலர்ந்தபின் நீர் அதனைக் கரைப்பதில்லை. இப்பண்பே படப்பெயர்ப்புக்கு அடிப்படை.

வீட்டில் உள்ள வெள்ளை மரப்பசையால் இதனைச் செய்ய இயலாதா என்ற வினா எழலாம். மரப்பசை உலர்ந்தபின்னும் நீர்பட்டால் இளகும். தாளைத் தேய்த்து நீக்க நீர் தேவை. எனவே தாளோடு படமும் கையோடு வந்துவிடும். ஜெல் மீடியத்தின் விலை சற்று மிகுதிதான். ஆயினும் ஒரு வகுப்பு முழுவதும் ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்ள இயலும்.

படமும் தக்க முறையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஜெராக்ஸ் பொறியும் லேசர் அச்சுப்பொறியும் டோனர் என்னும் பொடியைத் தாளின்மேல் தூவி, வெப்பத்தால் உருக்கி ஒட்டுகின்றன. கரியும் நெகிழியும் கலந்த இப்பொடி தாளின் மேற்பரப்பிலேயே நிற்கிறது, நீரில் கரைவதில்லை. இங்க்ஜெட் பொறியின் மையோ பெரும்பாலும் நீரில் கரைந்து தாளுக்குள் ஊறுவது. அதனைத் தேய்க்க முற்பட்டால் முகம் கலங்கிக் கறையாகிவிடும்.

தெரிந்து தெளிவோம்

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் உலகின் முதல் உலர் ஒளிநகலை உருவாக்கினார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டினார். அன்றைய நாளும் இடப்பெயரும் எழுதிய கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒளியைச் செலுத்தியபின், நுண்ணிய பொடியைத் தூவினார். எழுத்து வடிவில் ஒட்டிய பொடியை மெழுகுத்தாளால் ஒற்றி எடுத்தார். முதல் ஒளிநகலே ஒரு பெயர்ப்பாகத்தான் பிறந்தது.

செய்முறை

ஆலை வாயிலில் தம் மிதிவண்டியைப் பிடித்தபடி நண்பர்களுடன் நிற்கும் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒரு மாணவியிடம் உள்ளது எனக் கொள்வோம். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் எழுந்தபோது பல மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் இங்கு வேலைக்கு வந்தனர். ஊருக்கு அனுப்பும் கடிதத்தோடு இணைப்பதற்காக எடுத்த இத்தகைய படங்கள் இப்பகுதி வீடுகளில் இருக்க வாய்ப்புண்டு.

முதல் விதி, மூலப் படத்தில் கைவைக்கக் கூடாது என்பதே. ஜெலட்டின் படலம் கொண்ட பழைய படம் இம்முறையில் பெயராது, வீணாய்ப் போகும். அதனை நகலெடுத்து, அந்நகலை லேசர் பொறியில் மெல்லிய தாளில் அச்சிட வேண்டும். நகலெடுக்கையில் படத்தின் பின்புறத்தையும் மறவாது எடுத்தல் நலம். பெயர்களும் நாளும் ஊரும் பெரும்பாலும் அங்குதான் எழுதப்பட்டிருக்கும். நீல மையில் சாய்ந்து கிடக்கும் அக்கையெழுத்தையும் படத்தோடு சேர்த்துப் பெயர்க்கலாம்.

அச்சிடுமுன் உருவத்தை இடவல மாற்றம் செய்துகொள்ள வேண்டும். கவிழ்த்து ஒட்டும்போது படம் மீண்டும் திரும்பி நேராகும். இதனை மறந்தால் எழுத்துகள் தலைகீழ்க் குழப்பமாகும் என்பதை எவரும் அறிவர். எழுத்தே இல்லாத படத்திலும் பிழை வெளிப்படும். மிதிவண்டியின் சங்கிலி வலப்புறம் இருப்பது. பெயர்ப்பில் அது இடப்புறம் விழுந்திருந்தால், முப்பது ஆண்டு மிதிவண்டி ஓட்டிய தாத்தா ஒரு நொடியில் கண்டுகொள்வார். சட்டைப்பை வலமார்புக்கு மாறியிருப்பதையும் பாட்டி சுட்டிக்காட்டக்கூடும்.

அடித்தளமாக ஒட்டுப்பலகைத் துண்டு ஏற்றது. அதனை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, தூசு துடைக்க வேண்டும். ஜெல் மீடியத்தைப் பலகையில் சீராகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படத்தைக் கவிழ்த்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பழைய நெகிழி அட்டையால் அழுத்தித் தள்ள வேண்டும். உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் அவ்விடத்தில் படம் பதியாது; பின்னர் ஓட்டையாகத் தெரியும். ஓரங்களில் பிதுங்கும் பசையை உடனே துடைத்துவிட வேண்டும். தாளின் முதுகில் பசை படிந்தால் நீர் உள்ளே இறங்காது. அவ்விடத்துத் தாளை நீக்கவே முடியாமற்போகும்.

பின்னர்க் காத்திருத்தல். ஓர் இரவு முழுவதும் உலரவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரம் மிகுதியாதலால் இரண்டு நாள்கூட ஆகலாம். பயில்வோர் பெரும்பாலும் தோற்பது இங்குதான். மேலே தொட்டுப் பார்த்து உலர்ந்ததாக எண்ணித் தேய்க்கத் தொடங்கினால், உள்ளிருக்கும் பசை படத்தோடு சேர்ந்து சுருண்டு வரும்.

நன்கு உலர்ந்தபின் ஈரப்பஞ்சால் தாளை நனைத்துச் சில நிமிடம் ஊறவிட்டு, விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நகம் படலாகாது. தாள் நூல்நூலாய்த் திரண்டு உதிரும். உள்ளிருந்து முதலில் மிதிவண்டிச் சக்கரமும், பின் ஒரு கையும், பின் ஒரு முகமும் தோன்றும். வேலை முடிந்தது என்று எண்ணி வைத்தால், உலர்ந்ததும் எங்கும் வெண்புகை படிந்தாற்போல் காணப்படும். அது எஞ்சிய தாளின் நார். மீண்டும் நனைத்து மீண்டும் தேய்க்க வேண்டும். மூன்று நான்கு முறை இவ்வாறு ஆகும். மிகுதியாகத் தேய்த்தால் படமே போய்விடும். முழுத்தெளிவு கிட்டும்வரை தேய்ப்பதைவிட, சிறிது புகை எஞ்சியிருக்கும்போது நிறுத்துவதே அறிவுடைமை. இறுதியாக மெல்லப் பூசும் ஒரு பூச்சு, அந்நார்களை ஊடுருவி அவற்றைப் பெரிதும் மறைத்துவிடும்.

மற்றொரு முறையும் உண்டு. அச்சிட்ட படத்தின்மேல் ஜெல்லை ஆறேழு முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் அடுத்ததைப் பூசினால் தடித்த படலமாகும். பிறகு நீரில் ஊறவைத்துத் தாளை மட்டும் தேய்த்து நீக்கினால், படம் தோல்போல் தனித்து வரும். அதனை வளைந்த பானையின்மேலும் ஒட்டலாம்.

வெண்மை இல்லாத ஓவியம்

படப்பெயர்ப்பைப் பிற அச்சுமுறைகளினின்று வேறுபடுத்தும் பண்பு ஒன்று உண்டு. இதில் வெள்ளை நிறம் இல்லை. ஒளிநகலில் நாம் வெண்மையாகக் காண்பது தாளின் நிறமே; அங்கு டோனர் இல்லை. தாள் நீங்கியதும் அவ்விடம் வெறுமையாகிறது. கீழேயுள்ள பரப்பு அதன்வழியே தெரிகிறது. தாத்தா அணிந்திருந்த வெள்ளை வேட்டி, பலகையின் பழுப்பு நிறத்தையும் ஓடும் வரிகளையும் தன் நிறமாகக் கொள்கிறது. வானம் இருந்த இடத்தில் மரத்தின் கணு ஒன்று சூரியன்போல் நிற்கக்கூடும். பலகைக்கு முன்பே வெள்ளை பூசியிருந்தால் படம் பழைய தெளிவோடு விளங்கும். மங்கிய மஞ்சள் பூசியிருந்தால் அந்திப்பொழுதாகும். அடித்தளத்தைத் தேர்வு செய்வது படத்தின் ஒளியைத் தேர்வு செய்வதற்கு ஒப்பாகும். ஆலையிலிருந்து கழித்த பெட்டிப் பலகை, தறியில் நெய்த கோராத் துணி, கணக்குப் பேரேட்டின் பழைய பக்கம் என எது கிடைத்தாலும் அதன் வாழ்வும் படத்துக்குள் நுழைகிறது.

வெண்மையைச் சமாளிப்பது ஒளிப்படக் கலையின் தொன்மையான சிக்கல். 1858இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கு வானம் வெறும் வெண்பரப்பாகவே விழுந்தது. அவர் மெழுகூட்டிய தாளாலான எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். ஒளிப்படத்தின்மேல் தூரிகை ஏறுவது தமிழகத்தில் அன்றே தொடங்கிவிட்டது.

வீட்டுச் சுவரிலும் கலைக்கூடத்திலும்

1894இல் தொடங்கப்பட்ட இரவிவர்மா அச்சகத்தின் தெய்வப் படங்கள் நாடெங்கும் பரவியபோது, செட்டிநாட்டு வீடுகள் உள்ளிட்ட பல இல்லங்களில் அவற்றுக்குச் சரிகைத் துணியால் புடவை கட்டி, மணியும் சம்கியும் தைத்து அழகுசெய்தனர். கலப்பூடகம் என்ற பெயரை அறியாமலே அதனைச் செய்தவர் அவர்கள். அச்சில் வந்த இலட்சுமி ஒவ்வொரு வீட்டிலும் தனித்தன்மை பெற்றாள்.

கடல்கடந்த கலையுலகில் இம்முறைக்குப் பெரும்பெயர் தேடித்தந்தவருள் ஒருவர் அமெரிக்க ஓவியர் இராபர்ட் ரௌசன்பர்க். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகம் பற்றிய காவியப் பகுதிக்கு 1958 முதல் 1960 வரை 34 படங்களை அவர் உருவாக்கினார். செய்தி இதழ்களின் படங்களைக் கரைப்பானில் நனைத்துக் கவிழ்த்து, மை தீர்ந்த பேனாவால் முதுகில் கீறி, மையைத் தாளுக்கு மாற்றினார். கீறிய இடத்தில் மட்டும் உருவம் வந்தது. அக்கீறல்களே ஓவியத்தின் கோடுகளாயின. அவர் 1975இல் அகமதாபாத்துக்கு வந்து, காந்தி ஆசிரமத்தின் கைத்தாள் கூடத்தில் பணியாற்றினார். தாள்கூழோடு வெந்தயப் பொடி, புளியங்கொட்டைத் தூள், சுண்ணப் பொடி முதலியன கலந்த சேற்றை அங்கு அவர் கலைப்பொருளாக்கினார். நம் அடுக்களையில் கிடக்கும் பொருள்களை ஒரு விருந்தினர் அவ்வாறு கண்டது எண்ணத்தக்கது.

படம் பலகையில் பதிந்தபின் என்ன சேர்ப்பது என்பது கலைஞரின் உரிமை. அக்ரிலிக் வண்ணம், கரிக்கோல், துணி, நூல் எதுவும் பொருந்தும். ஆயினும் சேர்க்க இடமுண்டு என்பதாலேயே அனைத்தையும் சேர்ப்பது பயில்வோரிடம் காணப்படும் குறை. பொத்தான், பூ, மின்னும் தாள் எனக் குவித்தால் தாத்தா எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முடித்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் கூடாது. சித்திரை, வைகாசி வெப்பத்தில் அக்ரிலிக் படலம் சற்றே இளகி, இரண்டு பலகைகளும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும்.

பெயரும் இசைவும்

குடும்பப் படம் எனினும், அதில் இருப்பவர் வாழ்பவராயின் அவரது இசைவைப் பெற்றபின்னரே காட்சிக்கு வைத்தல் முறை. இறந்தவர் படமெனில் வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். சிலர் மாலையிட்ட படத்தின் உருவத்தைப் பலகையில் தேய்ப்பதை விரும்பமாட்டார்கள். அதற்கும் மதிப்பளிக்க வேண்டும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழகத்தின் பழைய ஒளிப்பட நிலையங்களிலும் இல்லங்களிலும் இருந்த படங்களை எண்ணிம நகல்களாக்கிப் பாதுகாத்துள்ளது. பழைய தொகுப்பு எதிலும் நேரக்கூடியதே, முகம் இருந்தும் பெயர் இல்லாமற்போவது. அறிந்தவர் இருக்கும்போது எவரும் கேட்டு எழுதிவைப்பதில்லை. கேட்க எண்ணும்போது அறிந்தவர் இருப்பதில்லை.

அம்மாணவியின் பலகைக்குத் திரும்புவோம். தாத்தா தெளிவாகப் பதிந்துள்ளார். மிதிவண்டியின் சங்கிலியும் உரிய பக்கத்தில் உள்ளது. அவருக்கு இடப்புறம் நின்ற நண்பரின் முகம் மட்டும், விரல் சற்று அழுந்தியதால் அழிந்து, வெறும் மரமாகத் தெரிகிறது. சட்டையும் தோளும் இருக்கின்றன. அவ்விடத்தில் வண்ணம் தீட்டலாம். மூலப் படத்தைப் பார்த்து முகத்தை வரையலாம். புதிதாக ஒரு நகலெடுத்து முதலிலிருந்து தொடங்கலாம். அதற்குமுன் பலகையைத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டி, இங்கு நின்றவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், இப்போது எங்கிருக்கிறார் என்று கேட்டு, அவர் சொல்லும் பெயரை அந்த வெறுமையில் கரிக்கோலால் எழுதிவைக்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய ஒளிப்படம் ஒன்றின் முன்புறத்தையும் பின்புறத்தையும் நகலெடுத்து, அதில் உள்ளோரின் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

2. அந்நகலை இருவேறு அடித்தளங்களில் பெயர்த்து, வெண்மை இருந்த இடங்கள் எவ்வாறு மாறின என்பதை ஒரு பத்தியில் விளக்குக.

3. ‘மொழிபெயர்ப்பும் படப்பெயர்ப்பும்’ என்னும் தலைப்பில், பெயர்க்கும்போது இழப்பவை, பெறுபவை குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.